பெற்றோர் வழக்காடிப் பெற்ற கல்வி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசுப் பள்ளிகளில் இன்று ஏறத்தாழ 75 லட்சம் குழந்தைகள், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர், சிறப்புக் கல்வி என்னும் ஏற்பாட்டின்கீழ்ப் பயில்கின்றனர். அவர்களுள் ஒவ்வொருவர் பெயரிலும் ஆண்டுதோறும் ஒரு திட்டப் பத்திரம் எழுதப்படுகிறது. அதை எழுதுதற்பொருட்டு ஆசிரியரும் பள்ளி அதிகாரியும் உளநூல் வல்லுநரும் பெற்றோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அந்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் சில, தம் பிள்ளைக்குப் பேச்சுத் தாமதம் என்றோ ஆட்டிசம் என்றோ மருத்துவர் சொல்லக் கேட்டுக் கலங்கிய சில மாதங்களுக்குள் அம்மேசைக்கு அழைக்கப்பட்டு, ஐ.இ.பி., ஃபேப், எல்.ஆர்.இ., 504 என்று எழுத்துகளாலும் எண்களாலும் ஆன ஒரு புது பாஷையைக் கேட்டுத் திகைத்து, பள்ளியார் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு வீடு திரும்புவதுண்டு. பார்வைக்கு வெறும் அலுவலகக் குறிகளாகத் தோன்றும் இவற்றுள் பெரும்பாலானவை நியாயஸ்தலங்களிலே பிறந்தவை. பள்ளி வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஏதோ ஒரு குழந்தையும், அதனைப் பொறாத ஒரு தாயோ தந்தையோ ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கின்றனர். அவ்வரலாற்றை அறிந்தவர்க்கு அக்குறிகளின் பொருள் தானே விளங்கும். அம்மேசையில் தமக்குள்ள ஸ்தானமும் விளங்கும்.

வரலாறு பரோபகாரத்தில் தொடங்குகிறது. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் மேசன் காக்ஸ்வெல் என்னும் மருத்துவருக்குச் செவி கேளாத மகள் ஒருத்தி இருந்தாள். அயல்வீட்டு இளைஞரான தாமஸ் காலடெட் அவள்மீது பரிவு கொண்டு, செவிடர்க்குக் கற்பிக்கும் வித்தையை அறிந்து வர 1815ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பிரிட்டனில் அவ்வித்தையைக் கைக்கொண்டிருந்த பிரெய்டுவுட் குடும்பத்தார் அதனைக் குலச்சொத்தாகக் காத்து, ரகசியம் பேணுவதாக வாக்களித்து நெடுநாள் ஊழியம் செய்தாலன்றிக் கற்பிக்கமாட்டோம் என்று கூறிவிடவே, அவர் பாரிஸ் சென்று, அங்கே எவருக்கும் ஒளிக்காமல் கற்பித்துக்கொண்டிருந்த சிகார் பாதிரியாரிடம் பயின்று, லாரன் கிளெர் என்னும் செவி கேளாத ஆசிரியரையே தம்முடன் அழைத்துக்கொண்டு 1816இல் ஊர் திரும்பினார். கடற்பயணம் நீடித்த நாள்களில் கிளெர் காலடெட்டுக்குச் சைகை மொழியையும், காலடெட் கிளெருக்கு ஆங்கிலத்தையும் போதித்துக்கொண்டு வந்தனராம். 1817 ஏப்ரலில் இருவரும் ஹார்ட்ஃபோர்டில் திறந்த பள்ளியே செவி கேளாதார்க்கென அந்நாட்டில் நிலைத்து நின்ற முதற்பள்ளி.

அடுத்து, பாஸ்டன் நகரில் டாக்டர் சாமுவேல் கிரிட்லி ஹோவ் 1832இல் பார்வையற்றோர் பள்ளியை நடத்தத் தொடங்கினார். பிற்காலத்தில் பெர்கின்ஸ் என்ற பெயரால் புகழ்பெற்ற ஸ்தாபனம் அதுவே. கண்ணும் செவியும் ஒருங்கே இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் சிறுமியை 1837இல் ஏற்று, விரல்வழியே எழுத்தறிவித்து, அத்தகையோர்க்கும் கல்வி சித்திக்கும் என்பதை உலகறியச் செய்தவர் அவர். அச்சிறுமியைப் பற்றிச் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதியதைப் படித்த ஒரு தாய் தன் மகளுக்கும் வழியுண்டு என்று நம்பியதன் பயனாகவே ஹெலன் கெல்லருக்கு ஆனி சல்லிவன் என்னும் ஆசிரியை 1887இல் வாய்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் ஹோவ் 1848இல் ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார். பிரான்சிலிருந்து குடிபெயர்ந்து வந்த எடுவார் செகான் அத்துறையில் நிபுணராக விளங்கினார். சில ஆண்டுகள் பயிற்றிக் குழந்தைகளை வீட்டுக்கும் ஊருக்கும் திருப்பி அனுப்புவதே அப்பள்ளிகளின் ஆதி நோக்கம்.

அந்நோக்கம் நிலைக்கவில்லை. பயிற்சி முடித்தவர்களை ஏற்க ஊர்கள் ஒருப்படாமையாலும், ஓரிடத்தில் பலரை வைத்துக் காப்பது செலவைக் குறைக்கும் என்று மாநிலங்கள் கணக்கிட்டமையாலும், பள்ளிகளாகத் தொடங்கியவை ஊருக்கு வெளியே மதில் சூழ்ந்த பெருங்காப்பகங்களாக மாறின. உள்ளே சென்ற குழந்தை அங்கேயே மூத்து அங்கேயே மடிந்தது. இவ்விபரீதத்தை முன்கூட்டியே உணர்ந்த ஹோவ், 1866இல் படேவியா நகரில் பேசிய பேச்சொன்றில், குறையுடையோரை ஓரிடத்தில் திரட்டி ஒதுக்கி வைப்பது தகாது என்று எச்சரித்தார். அத்தகைய ஸ்தாபனங்களை அமைத்த கையே அவற்றைக் குறித்து எழுதிய இவ்வெச்சரிக்கையை அக்காலத்தார் பொருட்படுத்தினாரில்லை.

இதற்கிடையே கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 1852இல் மாசசூசெட்ஸ் முதலாவதாகவும் 1918இல் மிசிசிப்பி கடைசியாகவும் அதை இயற்றின. எல்லாக் குழந்தையும் பள்ளிக்கு வந்தாகவேண்டும் என்ற சட்டம் வந்த பிறகுதான், எந்தக் குழந்தை வரலாகாது என்ற வினாவும் எழுந்தது. புத்தி மந்தமான ஒரு சிறுவனை நீக்கியது செல்லும் என்று மாசசூசெட்ஸ் உயர் நியாயஸ்தலம் 1893இலேயே தீர்ப்பளித்திருந்தது. விஸ்கான்சின் மாநிலத்து ஆன்டிகோ என்னும் சிற்றூரில் எழுந்த வழக்கோ அதனினும் கொடியது. பிறவியிலேயே பக்கவாதம் போன்ற நோயால் கைகால் இழுத்து, நாக் குழறி, வாயில் எச்சில் ஒழுகும் நிலையிலிருந்த ஒரு சிறுவன், அறிவில் எக்குறையுமின்றி ஐந்தாம் வகுப்புவரை ஏனைய பிள்ளைகளோடு படித்து வந்தான். அவனைப் பார்ப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மனச்சோர்வையும் அருவருப்பையும் விளைக்கிறது என்றும், அவனுக்கு ஆசிரியரின் நேரம் மிகுதியாகச் செலவாகிறது என்றும் கூறிக் கல்விக் குழு அவனை விலக்கியது. தந்தை வழக்குத் தொடுத்தார். உள்ளூர் ஜூரிகள் சிறுவன் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் 1919இல் மாநில உச்ச நியாயஸ்தலம் அத்தீர்ப்பைத் தள்ளி, பள்ளியின் பொது நலமே பெரிது, ஒரு பிள்ளையின் உரிமை அதற்கு அடங்கியது என்று கல்விக் குழுவை ஆதரித்துவிட்டது. அவனை ஊரிலே பார்த்துப் பழகியிருந்த ஜூரிகளுக்குத் தோன்றாத அருவருப்பு, காகிதத்தில் மட்டும் படித்த நீதிபதிகளுக்குத் தோன்றியதை என்னென்பது!

ஏறத்தாழ இதே காலத்தில் பரீட்சை முறையும் ஒரு கருவியாக வந்து சேர்ந்தது. பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் வகுத்த அறிவளவைச் சோதனை, எந்தக் குழந்தைக்கு உதவி தேவை என்று கண்டறிவதற்காகச் செய்யப்பட்டது. ஹென்றி காடர்டு என்பவரால் அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்டதும், எந்தக் குழந்தையை ஒதுக்கலாம் என்று தீர்மானிக்கும் அளவுகோலாக அது உருமாறியது. மந்த புத்தி பரம்பரையாக வருவது, அதனால் நாட்டுக்கே கேடு என்ற கொள்கை பரவி, அத்தகையோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் வர்ஜீனியா மாநிலச் சட்டத்தை அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டே 1927இல் செல்லுபடியாக்கியது. சான்றோர் எனப் பெயர்பெற்ற ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு அது. கற்றோரும் நியாயாதிபதிகளும் மருத்துவரும் ஒருமுகமாக ஒரு பக்கம் நின்ற அந்நாள்களில், எதிர்ப்பக்கம் நிற்பதற்குப் பெற்றோரைத் தவிர ஆளில்லை. அவர்களோ குறையுள்ள பிள்ளையைப் பெற்றதை வெளியிற் சொல்லவும் நாணி ஒடுங்கியிருந்தனர்.

அந்நாணம் நீங்கியது 1950இல். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை பேர்ல் பக், அறிவு வளர்ச்சி குன்றிய தம் மகளைப் பற்றி ஒளிவு மறைவின்றி அவ்வாண்டு ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு பல மாநிலங்களிலிருந்தும் மின்னியாபொலிஸ் நகரில் கூடிய பெற்றோர்கள் ஒரு தேசிய சங்கத்தை நிறுவினர். பள்ளிகள் ஏற்காத பிள்ளைகளுக்குத் தேவாலயங்களின் நிலவறைகளிலும் காலியான கட்டடங்களிலும் பெற்றோரே சம்பளம் போட்டு வகுப்பு நடத்தினர். வரி செலுத்துவது அரசுப் பள்ளிக்கு, பாடத்துக்குப் பணம் கட்டுவது தம் கைப்பொருளிலிருந்து என்ற இந்த அநியாயம் அவர்களைச் சிந்திக்க வைத்தது. 1954இல் நிறத்தால் குழந்தைகளைப் பிரித்து வைக்கும் பள்ளி சமத்துவமான பள்ளியாகாது என்று பிரௌன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புரைத்தபோது, நிறத்துக்குச் சொன்ன நியாயம் ஊனத்துக்கும் பொருந்தாதா என்ற வினா பெற்றோர் உள்ளத்தில் எழுந்தது இயல்பே. ஆயினும் அவ்வினா நியாயஸ்தலம் ஏறப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாயின.

அவ்விடைக்காலத்திலும் அதை ஒட்டியும் மூன்று காரியங்கள் நடந்தன. தம் சகோதரி ஒருவர் அறிவு வளர்ச்சி குன்றியவராயிருந்த ஜனாதிபதி கென்னடி, 1961இல் இவ்விஷயத்தை ஆராய நிபுணர் குழு அமைத்தார். 1963இல் சாமுவேல் கர்க் என்ற பேராசிரியர் சிக்காகோவில் கூடிய பெற்றோர் மாநாட்டில், புத்திக் குறைவின்றியும் படிக்க எழுதத் தடுமாறும் குழந்தைகளைக் குறிக்கக் கற்றல் குறைபாடு என்ற பெயரை வழங்கினார். இன்று சிறப்புக் கல்வி பெறுவோருள் மிகப் பெரிய கூட்டம் இவ்வகையினரே. 1972இல் நியூயார்க் நகரைச் சேர்ந்த வில்லோபுரூக் என்னும் காப்பகத்தின் கோரக் காட்சிகள் தொலைக்காட்சியில் வெளியாகி, ஆடையின்றி, பராமரிப்பாரின்றி, தரையில் கிடந்த குழந்தைகளைக் கண்டு நாடே திடுக்குற்றது.

வழக்குகளுள் முதலாவது பென்சில்வேனியாவில் எழுந்தது. ஐந்து வயதுக் குழந்தையின் மனவளர்ச்சியை எட்டாத பிள்ளையைப் பள்ளி மறுக்கலாம் என்று அம்மாநிலச் சட்டம் அநுமதித்திருந்தது. 1971 ஜனவரியில் பெற்றோர் சங்கமும் சில குடும்பங்களும் தாமஸ் கில்ஹூல் என்ற வழக்கறிஞர் மூலம் பிராது கொடுத்தன. கில்ஹூலின் சொந்தச் சகோதரரே காப்பகவாசியாக இருந்தவர். கல்விக்கே தகுதியற்ற குழந்தை என்று ஒன்று உண்டா என்பதே வழக்கின் சாரம். எத்தகைய குழந்தையும் பயிற்சியால் முன்னிருந்த நிலையினின்று ஒரு படியேனும் மேலேறும். எழுத்தறிவது சிலர்க்கு அப்படியென்றால், கரண்டி பிடித்துத் தானே உண்பது வேறு சிலர்க்கு அப்படி. இரண்டும் கல்வியே என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். சாட்சிகள் சிலரே பேசி முடித்திருந்த நிலையில் மாநில அரசு வழக்காடுவதை விட்டு உடன்பாட்டுக்கு வந்தது. பெற்றோர்க்கு அறிவிப்புக் கொடாமலும் அவர்கள் வாதத்தைக் கேளாமலும் எக்குழந்தையின் பள்ளி நிலையையும் மாற்றலாகாது என்ற விதி அவ்வுடன்பாட்டிலேயே முதன்முதல் தோன்றியது.

இரண்டாவது, தலைநகரான வாஷிங்டனில் பீட்டர் மில்ஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனும் வேறு ஆறு குழந்தைகளும் தொடுத்த வழக்கு. எழுவரும் கறுப்பினத்தவர், நடத்தை சரியில்லை என்றும், துருதுருப்பு மிகுதி என்றும், மந்த புத்தி என்றும் பலவாறு சொல்லி நீக்கப்பட்டவர்கள். அந்நகரில் சிறப்புக் கல்வி தேவைப்பட்ட 22,000 குழந்தைகளில் 18,000 பேர் வரை அது கிடையாமலிருந்தனர் என்று தீர்ப்பிலே குறிக்கப்பட்டுள்ளது. பணமில்லை என்று நகரக் கல்வித் துறை கையை விரித்தது. 1972 ஆகஸ்டில் நீதிபதி ஜோசப் வாடி அளித்த விடை மறக்கத்தக்கதன்று: பணம் போதாதென்றால் இருப்பதை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும், அப்பற்றாக்குறையின் சுமையைக் குறையுள்ள பிள்ளையின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது என்றார் அவர்.

வேறொரு திசையிலும் வழக்குகள் எழுந்தன. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது மெக்சிக வம்சாவளிக் குழந்தைகள், ஆங்கிலத்தில் வைத்த பரீட்சையில் தவறியதால் மந்த புத்தியினர் வகுப்பில் தள்ளப்பட்டிருந்தனர். 1970இல் வழக்குத் தொடுத்துத் தாய்மொழியிலே மறுபடி சோதித்தபோது அவர்களுள் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் என்று தெரிந்தது. ஒரு குழந்தையை அது அறிந்த மொழியிலேயே சோதிக்கவேண்டும், ஒரே பரீட்சையை நம்பி முடிவு செய்யலாகாது என்னும் விதிகள் இவ்வாறு உண்டாயின. இரு மொழிகளுக்கிடையே வளரும் நம் குழந்தைகளின் பெற்றோர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டும்.

இவ்வழக்குகளின் சாரத்தையெல்லாம் ஒன்றுதிரட்டி, 1975 நவம்பர் 29ஆம் நாள் ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்ட சட்டம் வெளிவந்தது. குறையுள்ள குழந்தைகள் 80 லட்சத்துக்கு மேல் உளர் என்றும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வி பெறவில்லை என்றும், 10 லட்சம் பேர் அரசுப் பள்ளிக் கல்வி முறைக்கே புறம்பாக நிறுத்தப்பட்டுள்ளனர் என்றும் அதன் முகவுரை கூறியது. வாக்களிப்பது மிகுதி, கொடுக்கக்கூடியது குறைவு என்ற தம் ஐயத்தையும் ஃபோர்டு அன்றே வெளியிட்டார். ஒரு குழந்தைக்குக் கல்வியால் ஆகும் சராசரிச் செலவில் நூற்றுக்கு நாற்பது வரை மத்திய அரசு தரலாம் என்று சட்டம் சொல்லிற்று. அவ்வளவு ஓராண்டேனும் தரப்படாததால் அவர் ஐயம் பொய்க்கவில்லை.

அச்சட்டத்தின் அடிநிலையாகிய வாக்குறுதியே ஃபேப் எனப்படுவது: இலவசமானதும் குழந்தைக்குத் தக்கதுமான அரசுக் கல்வி. இக்காலத்தில் மூன்று வயது முதல் இருபத்தொரு வயது வரையில் அது பொருந்தும். அதனை ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் வடிப்பதே ஐ.இ.பி. என்னும் தனிக் கல்வித் திட்டம். குழந்தை இப்போது எந்நிலையில் உள்ளது, ஓராண்டில் எதை எட்டவேண்டும், அதற்கு வாரத்தில் எத்தனை முறை, எத்தனை நிமிஷம், எவர், எங்கே உதவி செய்வார், முன்னேற்றத்தை எவ்வாறு அளந்து எப்போது தெரிவிப்பர் என்பன அதில் இடம்பெறவேண்டும். பேச்சு வளரும் என்று பொதுப்பட எழுதினால் போதாது. இரண்டு சொற்களைச் சேர்த்துத் தன் தேவையைக் கேட்கும், பத்து முறைக்கு எட்டு முறை கேட்கும் என்று அளக்கக்கூடியவாறு எழுதவேண்டும். அத்திட்டம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திருத்தி எழுதப்படும். முழுச் சோதனை மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் நடைபெறும்.

எல்.ஆர்.இ. என்பது ஆன்டிகோ சிறுவனுக்குக் காலம் கடந்து கிடைத்த பரிகாரம் என்னலாம். இயன்ற அளவு குறையற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிப்பிக்கவேண்டும், துணைக் கருவியும் துணையாளும் கொடுத்துப் பார்த்தும் பயனில்லாதபோதே தனி வகுப்புக்கும் தனிப் பள்ளிக்கும் போகவேண்டும் என்பது அதன் கருத்து. பாடத்தோடு தொடர்ந்து வரும் பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சிச் சிகிச்சை, வாகனம் முதலியவற்றைச் சட்டம் தொடர்புடைய சேவைகள் என்கிறது. அதன் எல்லை எதுவரை என்பதும் வழக்காடியே தெளிந்தது: முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் அகற்றவேண்டியிருந்த எட்டு வயதுச் சிறுமிக்குப் பள்ளித் தாதி அதைச் செய்தே தீரவேண்டும், செய்யாவிடில் அவளுக்குப் பள்ளியே இல்லை என்று 1984இல் சுப்ரீம் கோர்ட் விதித்தது.

504 என்னும் எண் வேறு சட்டத்தினது. 1973இல் இயற்றிய மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்த ஸ்தாபனமும் ஊனம் காரணமாக ஒருவரை விலக்கலாகாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிற்று. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் நான்கு ஆண்டுகளாக எந்த அமைச்சரும் கையொப்பமிடவில்லை. 1977 ஏப்ரலில் ஜூடி ஹ்யூமன், கிட்டி கோன் முதலியோர் தலைமையில் நூற்றுவருக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் சான்ஃபிரான்சிஸ்கோவிலுள்ள மத்திய அரசுக் கட்டடத்தில் புகுந்து வெளியேற மறுத்து அமர்ந்துவிட்டார்கள். ஹ்யூமன் இளம்பிள்ளை வாதத்தால் நடை இழந்தவர். சக்கர நாற்காலியில் வந்த ஐந்து வயதுச் சிறுமியாகிய அவரைத் தீ விபத்து நேர்ந்தால் இடைஞ்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது ஒரு பள்ளி. பின்னர் ஆசிரியை வேலைக்கும் அநுமதி மறுக்கப்பட, வழக்குத் தொடுத்துப் பெற்றவர். அதிகாரிகள் தொலைபேசியைத் துண்டித்தபோது செவி கேளாதவர்கள் ஜன்னலருகே நின்று வெளியே இருந்தவர்களுக்குச் சைகை மொழியில் செய்தி சொன்னார்கள். குளிரில் வைக்கவேண்டிய மருந்துகளைக் குளிர்காற்றுக் கருவியின் முகப்பில் பெட்டியை ஒட்டி அதற்குள் வைத்தார்கள். கறுப்புச் சிறுத்தைகள் கட்சியார் நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தனர். முடிவில் ஏப்ரல் 28ஆம் நாள் அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையொப்பமிட்டார். இப்பிரிவின்கீழ் எழுதப்படும் 504 திட்டம், சிறப்புக் கற்பிப்புத் தேவைப்படாது வசதி மட்டுமே வேண்டிய குழந்தைகளுக்கு உரியது: பரீட்சைக்குக் கூடுதல் நேரம், முன்வரிசை இடம், சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு வகுப்பிடையே சிற்றுண்டி போன்றவை. இத்தகைய வசதி பாடத்தின் அளவை மாற்றுவதில்லை; பாடத்தையே குறைத்துக் கொடுப்பது வேறு ஏற்பாடு. அது பிற்காலத்துச் சான்றிதழையும் பாதிக்கக்கூடுமாதலால் இவ்விரண்டையும் பெற்றோர் பிரித்தறிந்து சம்மதிக்கவேண்டும்.

சட்டம் வந்த பின்னும் எவ்வளவு கல்வி தக்க கல்வியாகும் என்ற வினா எஞ்சி நின்றது. நியூயார்க் மாநிலத்தில் செவி கேளாத பெற்றோர்க்குப் பிறந்த, செவி கேளாத ஏமி ரௌலி என்னும் சிறுமிக்கு வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பெற்றோர் கேட்டனர். அவள் உதடசைவைப் படித்தே சராசரிக்கு மேல் மதிப்பெண் பெறுகிறாளே என்று பள்ளி மறுத்தது. 1982இல் சுப்ரீம் கோர்ட்டில் அவர்களுக்காக வாதிட்ட மைக்கேல் சாட்டாஃப் தாமும் செவி கேளாதவர். நீதிபதிகளின் வினாக்கள் கணினித் திரையில் எழுத்தாய் வரக் கண்டு விடையிறுத்தார். அத்தகையவர் ஒருவர் அம்மன்றத்தில் வாதிட்டது அதுவே முதல்முறை. வாதம் தோற்றது. ஏதேனும் பயன் விளையும் கல்வி போதும், குழந்தையின் ஆற்றல் முழுவதும் மலரவேண்டும் என்று சட்டம் கூறவில்லை என்பது ஆறு நீதிபதிகளின் முடிவு. வகுப்பில் பேசப்படுவதில் பாதிக்கும் குறைவாகவே அவளுக்கு எட்டுகிறது என்று மாறுபட்ட மூவர் எழுதி வைத்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, கொலராடோவில் ஆட்டிசம் உடைய ஒரு சிறுவனின் வழக்கில், 2017ஆம் ஆண்டு எல்லா நீதிபதிகளும் ஒருமித்து, ஆண்டுக்காண்டு அற்ப முன்னேற்றம் மட்டுமே தருவது கல்வியாகாது, குழந்தையின் நிலைக்கேற்ற உயர்ந்த முன்னேற்றத்தை நோக்கியதாகவே திட்டம் அமையவேண்டும் என்றனர். இதனிடையே 1990இல் சட்டம் ஐடியா என்ற சுருக்கப் பெயர் பெற்று ஆட்டிசத்தையும் தன் வகைகளுள் சேர்த்துக்கொண்டது.

இவ்வரலாற்றில் குற்றமில்லாமல் இல்லை. தகராறு முற்றி விசாரணைக்குச் சென்றால் குறையை மெய்ப்பிக்கும் பாரம் முறையிடுவோர் மீதே, பெரும்பாலும் பெற்றோர் மீதே, விழும் என்று 2005இல் முடிவாயிற்று. ஆகவே வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒரே சட்டம் ஒரே பயன் தருவதில்லை. ஆயினும் ஓர் அரிய காரியத்தை அச்சட்டம் செய்தது. குழந்தைக்கு எது நல்லது என்று நிபுணரும் அதிகாரியும் தாமே முடிவு செய்த நெடுங்கால வழக்கத்தை நிறுத்தி, பெற்றோரைச் சமமான அங்கத்தினராக அம்மேசையில் அமர்த்திற்று. பள்ளியின் சோதனையில் உடன்பாடில்லையெனில் பள்ளிச் செலவிலேயே வெளி நிபுணர் சோதனையைக் கோரலாம். தகராறு தீரும்வரை குழந்தை இருந்த வகுப்பிலேயே இருக்கலாம். நம் நாட்டிலும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை வாக்களித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அருகிலுள்ள பள்ளியோ சிறப்புப் பள்ளியோ எதையும் தெரிந்துகொள்ளும் உரிமையையும் தந்தது. ஆனால் திட்டம் எழுதும் இடத்தில் பெற்றோரின் அதிகாரம் இத்துணை விரிவாக அவற்றில் வகுக்கப்படவில்லை; இனி வகுக்கப்படவேண்டிய பகுதி அதுவே.

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. முதற்சோதனைக்கும் முதன்முதல் சேவை தொடங்குவதற்கும் உங்கள் எழுத்துமூலமான சம்மதம் இன்றியமையாதது. பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்த பின் கையொப்பமிடுவதைத் தடுக்க எவராலும் இயலாது. ஆங்கிலம் உங்கள் வசமில்லை என்றால், கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே தன் செலவில் ஏற்பாடு செய்யவேண்டும் என்பது விதி. பலர் தோற்றும் சிலர் வென்றும் ஈட்டித் தந்த உரிமைகள் இவை. கேட்பதற்குத் தயங்காதீர்கள்.